ஒலுவில் கெம்பஸுக்குப் போகிற தம்பிக்கு எந்த லெப்டொப்?

தம்பிக்கு ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், எஞ்சினியரிங் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று பின்னேரமே வீட்டில் லெப்டொப் கதை தொடங்கிவிட்டது. அம்மாவுக்குச் சீட்டு விழுந்த காசு இரண்டு இலட்சம், கட்டாரில் இருக்கிற மாமா தருகிறேன் என்று சொன்ன ஒன்றரை, ஆக மூன்றரை இலட்சம் ரூபா. கெம்பஸ் பிள்ளைகளுக்கு மாதா மாதம் கிடைக்கிற மகாபொல உதவித்தொகை 2025 இல் 7,500 ரூபாவாகக் கூடியது உண்மைதான், ஆனால் அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே இழுபறி, அதில் மிச்சம் பிடித்து இரண்டு வருசம் கழித்து இன்னொரு லெப்டொப் எடுக்க ஏலாது. அதனால் இப்போது எடுப்பதுதான் நாலு வருசத்துக்கும்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தம்பிக்கு ஆர்டிஎக்ஸ் 4060 என்ற தனி கிராபிக்ஸ் கார்ட் போட்ட கேமிங் லெப்டொப் வேண்டும். மாமா மெக்புக் எயார் என்கிறார், அவர் அங்கே அதைத்தான் பாவிக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணா சம்மாந்துறையில் படித்தவர், பாவித்த திங்க்பேட் (லெனோவோவின் ஒஃபிஸ் லெப்டொப்) ஒன்றை எடுத்துவிட்டு மிச்சக் காசை பேங்கில் போடச் சொன்னார். நாங்கள் ஏறிய கடைகளில் முக்கால்வாசியிலும் முதலில் எடுத்துக் காட்டியது ஐ7 ப்ரொசசர் போட்ட மெல்லிசான ஒன்றை. இந்த நாலையும் மூன்று கிழமையாக மட்டக்களப்பு டவுனிலும் கல்முனையிலும் கடை ஏறி இறங்கிப் பார்த்தேன். பார்த்ததை எழுதி வைக்கிறேன், வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலுக்கோ புதிதாகப் போகிற பிள்ளைகளின் வீடுகளிலும் இப்போது இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

நான் இவ்வளவு மினக்கெடக் காரணம் இருக்கிறது. நான் வந்தாறுமூலையில் கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கப் போனபோது வீட்டில் எடுத்துத் தந்தது பார்வைக்கு அழகான, ஐ7 ஸ்டிக்கர் ஒட்டிய, 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பாவிக்கிற மெமரி) உள்ள ஒன்று. இரண்டாம் வருசம் வரை ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருசம் போன் அப் செய்கிற ஆண்ட்ரொய்ட் ஸ்டூடியோவைத் திறந்து, அதைச் சோதிக்கிற எமுலேட்டரை ஓடவிட்டு, பக்கத்தில் குரோமில் நாலு டேப் வைத்தால் மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும். சரி, ராம் கூட்டுவோம் என்று கடையில் கொடுத்தேன். அடிமூடியைக் கழற்றிய பையன் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான், அப்புறம் போர்டை என் பக்கம் திருப்பி, "அக்கா, இதில ஸ்லொட்டே இல்ல, ராம் போர்டோட ஒட்டித்தான் வந்திருக்கு" என்று வரிசையாக இருந்த நாலு கறுப்புச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினான். அவ்வளவுதான். அம்மா மாதா மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் எடுத்த சாமான், பாதி வழியில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனபோது பஸ்ஸில் அழுதுகொண்டுதான் வந்தேன். கடைசி வருசப் ப்ரொஜெக்டை லேப் மூடும்வரை இருந்து, கெம்பஸ் கம்பியூட்டரில்தான் செய்து முடித்தேன்.

அதிலிருந்து நான் எதை வாங்கப் போனாலும் முதலில் கேட்பது, இதில் பிறகு கூட்டக்கூடியது எது, வாங்கிய நாளோடு முடிந்துபோவது எது என்பதைத்தான். ஸ்லொட் இருந்தால் ராம் கூட்டலாம், ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டியை மாற்றலாம், பெட்டரியும் மாற்றலாம். ப்ரொசசர், கிராபிக்ஸ், ஸ்க்ரீன், ஹிஞ்ச் எல்லாம் வாங்கும்போது எப்படியோ அப்படித்தான் கடைசிவரை. காசை இந்த இரண்டாவது பக்கத்தில் போட வேண்டும். கடையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ், "1 டிபி எஸ்எஸ்டி இருக்கு" என்று சொல்லி மங்கலான ஸ்க்ரீனை விற்றுவிடுகிறார்கள்.

முதலில் அந்த மெல்லிசான ஐ7. இதில்தான் எங்கள் ஆட்கள் கூட ஏமாறுவது. ஐ7 என்றால் ஐ5ஐ விடப் பெரியது என்று எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் பார்க்க வேண்டியது அந்தப் பெயரின் கடைசி எழுத்து. யூ என்று முடிந்தால் அது பெட்டரியை மிச்சம் பிடிக்கச் செய்த ப்ரொசசர், எச் என்று முடிந்தால் வேலைக்குச் செய்தது. ப்ரொசசருக்குள் கணக்குப் போடுகிற பகுதிகள்தான் கோர். ஐ7-1355யூ என்பதில் பெரிய கோர் இரண்டுதான், மிச்சம் எட்டும் சின்னக் கோர், அடிப்படை மின்சாரம் 15 வாட். ஐ5-13420எச் என்பதில் பெரிய கோர் நாலு, சின்னது நாலு, 45 வாட். வேர்டும் ஸூமும் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எஞ்சினியரிங் கணக்குகள் செய்கிற மாட்லாப்பில் அரை மணித்தியாலம் ஓடுகிற ஒரு சிமுலேஷனைக் கொடுத்தால் அந்த ஐ7 சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஐ5 முந்திவிடும்.

ஏஎம்டி கொம்பனியின் ரைசன் ப்ரொசசரிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யூ என்பது 7000 வரிசையில் இருப்பதால் புதிது மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஸென் 2, அதாவது 2019 இல் வந்த வடிவமைப்பு, நாலு கோர் மட்டும். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால் விளங்கிவிடும், 2 என்றால் ஸென் 2, 3 என்றால் ஸென் 3, 4 என்றால் ஸென் 4. ஆகவே 7640எச்எஸ் என்பதும் 7520யூ என்பதும் ஒரே "ரைசன் 5" ஸ்டிக்கரோடு கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு உலகம். அதோடு 7520யூ போட்ட லெப்டொப்பில் ராமும் ஒட்டித்தான் வரும். நான் பட்டதுதான் அது. மெல்லிசான ஐ7க்கு எங்கள் வீட்டில் முதல் நாளே கோடு போட்டாயிற்று.

மெக்புக் எயாரைப் பற்றி மாமா சொன்னதில் பொய் இல்லை. 1.24 கிலோதான், ஃபேன் இல்லாததால் சத்தமே இல்லை, ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிற்கும், ஸ்க்ரீன் அருமை. 2024 ஒக்டோபரில் இருந்து அடிப்படை மொடலிலேயே 16 ஜிபி ராம் தருகிறார்கள். நான் கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிற தங்கச்சி ஒருத்திக்கு யோசனை சொல்வதென்றால் இதைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் தம்பி எஞ்சினியரிங். இயந்திர உறுப்புகளை 3டியில் வரைகிற சொலிட்வேர்க்ஸ் மெக்கில் ஓடாது. அவை பாரத்தைத் தாங்குமா என்று சோதிக்கிற அன்சிஸ் ஓடாது. சிவில் ஆட்கள் பாவிக்கிற ஈடாப்ஸும் ரெவிட்டும் ஓடாது, சேர்கிட் வரைகிற ப்ரொட்டியஸும் விண்டோஸுக்குத்தான். ஆட்டோகேட்டுக்கு மெக் பதிப்பு உண்டு, மாட்லாப்பும் நன்றாக ஓடும், ஆனால் மற்றவைக்காக நாலு வருசமும் கூட்டாளியின் லெப்டொப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க ஏலாது. அதோடு அதில் ராமும் எஸ்எஸ்டியும் இரண்டுமே ஒட்டித்தான் இருக்கிறது. ஏதாவது பழுது என்றால் கொழும்புக்குத்தான் கொண்டு போக வேண்டி வரும். மாமாவுக்கு இதை விளங்கப்படுத்தத்தான் ஒரு மணித்தியாலம் போனது, ஆனால் அவர் கேட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அண்ணாவின் யோசனையை நான் லேசில் தள்ளவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாச் சொச்சத்தில் இருந்து 360 வரை ஏறியபோது புது லெப்டொப் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் போனது, அப்போது எத்தனையோ பேரின் படிப்பைத் தூக்கி நிறுத்தியது வெளிநாட்டுக் கொம்பனிகள் பாவித்துக் கழித்த இந்த திங்க்பேட்களும் டெல்லின் லெட்டிட்யூட்களும்தான். திங்க்பேட் டி480 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018 இல் வந்தது, இரண்டு ராம் ஸ்லொட், பெட்டரி இரண்டு, அதில் ஒன்றை வெளியிலேயே கழற்றி மாற்றலாம், கீபோர்டில் விரல் வைத்தாலே அது வேலைக்குச் செய்த சாமான் என்று தெரியும். கையில் ஒன்று, ஒன்றேகால் இலட்சம்தான் இருக்கிறது என்றால், அந்தக் காசுக்குப் புது லெப்டொப் என்று கடையில் தருகிறதை எடுப்பதை விட இது எவ்வளவோ மேல். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் பாவித்ததில் இரண்டு விசயத்தில் கண் வேண்டும். ஒன்று, விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ7 ஒன்றை "ஐ7 தானே" என்று மலிவாகத் தருவார்கள், ஐ7-7600யூ போன்றதில் இருப்பது வெறும் இரண்டு கோர், எட்டாம் தலைமுறை ஐ5-8350யூ இல் நாலு. இரண்டாவது, பெட்டரி. விண்டோஸே பெட்டரி அறிக்கை ஒன்று எடுத்துத் தரும், அதில் செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிறைய சார்ஜ் ஏறினால் இருக்கிற கொள்ளளவு என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதின் பாதிக்குக் கீழே இருந்தால் புதுப் பெட்டரிக் காசையும் விலையோடு சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்போ ஏன் அதையே எடுக்கவில்லை என்றால், தம்பிக்கு எந்தத் துறை என்பது இன்னும் முடிவாகவில்லை. சிவிலா, மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா, கம்பியூட்டரா, எதுவும் வரலாம். சொலிட்வேர்க்ஸில் நூறு உறுப்புள்ள ஒரு பொருத்தலை (அசெம்பிளி)ச் சுழற்றிப் பார்க்கும்போதும், மெஷின் லேர்னிங் மொடல் ஒன்றைப் பயிற்றும்போதும் டி480 மூச்சு வாங்கும். அவனுக்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம், ஆனால் அது பிறகு கூட்டக்கூடிய சாமான் இல்லை.

இனி தம்பி கேட்டது. கேமிங் லெப்டொப் என்றதும் அம்மாவுக்கு முகம் சுருங்கியது, விளையாட்டுக்கா இவ்வளவு காசு என்று. அந்தப் பெயர்தான் பிழை. அதே சாமானை வேலைக்கென்று வேறு பெயர் வைத்துக் கூடின விலைக்கு விற்கிறார்கள். எச் ப்ரொசசர், தனி கிராபிக்ஸ், பெரும்பாலும் இரண்டு ராம் ஸ்லொட், இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம், நல்ல சூடு தணிப்பு, இதெல்லாம் எஞ்சினியரிங் பிள்ளைக்குத் தேவையானது. எனக்கும் அவனுக்கும் பிரச்சினை 4060 ஆ 4050 ஆ என்பதில்தான் வந்தது.

4060 இல் 8 ஜிபி விராம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி), 4050 இல் 6 ஜிபி. காகிதத்தில் 4060 தான் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் லெப்டொப்பில் இந்த இரண்டு கார்டும் 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம், அதைத் தீர்மானிப்பது லெப்டொப் செய்கிற கொம்பனி. உடம்பு மெல்லிசான ஒன்றில் 60 வாட்டில் அடக்கி வைத்த 4060 ஐ, காற்றோட்டம் உள்ள ஒன்றில் நிறைய வாட் கொடுத்த 4050 நெருங்கிவிடும், சில வேலையில் தாண்டியும் விடும். கடையில் இதைக் கேட்டால் நாலில் மூன்று இடத்தில் தெரியாது என்றார்கள், கொம்பனியின் தளத்தில் மொடல் நம்பரை அடித்துத்தான் கண்டுபிடித்தேன். எங்கள் காசுக்குள் கிடைத்த 4060 களில் வாட்டும் குறைவு, ஸ்க்ரீனும் மட்டம். ஸ்க்ரீன் விபரத்தில் 45 வீதம் என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் அது வெளுத்த நிறம் காட்டுகிற ஸ்க்ரீன். நூறு வீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைப் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைத் திறந்து பாருங்கள், ஒன்றில் செங்கல் நிறம் செங்கல் நிறமாக இருக்கும், மற்றதில் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நாலு வருசம் இரவிலும் பகலிலும் பார்க்கப் போவது அந்த ஸ்க்ரீனைத்தான்.

8 ஜிபி விராம் மெஷின் லேர்னிங்குக்கு உதவும் என்று தம்பி சொன்னான். உதவும்தான். ஆனால் இணையத்தில் கூகிளின் கம்பியூட்டரைப் பாவிக்க விடுகிற கூகிள் கொலாப் இலவசமாகவே பெரும்பாலும் 16 ஜிபி உள்ள டி4 கார்ட் ஒன்றைத் தருகிறது, நேரக் கட்டுப்பாடு உண்டு என்றாலும் படிக்கிற பிள்ளையின் ப்ரொஜெக்டுக்கு அது போதும். நான் கெம்பஸ் கம்பியூட்டரில் இருந்து முடித்ததும் அதில்தான்.

கேமிங் லெப்டொப்பின் பக்கத்தில் பாரமான குறைகளும் இருக்கின்றன, அதை மறைக்கக்கூடாது. லெப்டொப்பும் செங்கல் மாதிரி சார்ஜரும் சேர்ந்து கிட்டத்தட்ட 3 கிலோ. களுவாஞ்சிகுடியில் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, கல்முனையில் சனம் நெருக்கியடித்து ஏறும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டரியில் மட்டும் ஓடும்போது கிராபிக்ஸுக்குப் போகிற மின்சாரம் நன்றாகக் குறைந்துவிடும், ஆகவே கரண்ட் போனால் அந்தப் பெரிய கார்ட் பெயருக்குத்தான். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை, 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியும் நாடு முழுக்கப் போனது, அதெல்லாம் இல்லாவிட்டாலும் மாரி பிறந்தால் எங்கள் பக்கம் மரம் விழுந்தே கம்பி அறுந்துவிடும். அதனால் பெட்டரி எத்தனை வாட் அவர் (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற அளவு) என்று கட்டாயம் பார்த்தேன். 50க்குக் கீழே இருந்ததை எல்லாம் விட்டேன், 70க்கு மேலே இருந்ததைப் பக்கத்தில் எடுத்து வைத்தேன். டைப் சி வழியாகவும் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள், ஏறினால் செங்கலை ஹொஸ்டலில் விட்டுவிட்டு, லெக்சருக்குச் சின்ன சார்ஜரோடு போகலாம்.

அப்புறம் சூடு. எங்கள் வெயிலுக்கு ஃபேன் எப்போதும் ஓடும். ஒலுவில் கெம்பஸ் கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்றும் மணலும் உள்ளே போகும். வருசத்துக்கு ஒரு தரமாவது கழற்றித் துப்புரவாக்க வேண்டும், கட்டிலில் பெட்சீட்டின் மேல் வைத்துப் பாவிக்கவே கூடாது, அடியில் இருக்கிற துவாரம் அடைபட்டுவிடும்.

கடையில் சாமானைக் கையில் தந்ததும் நான் செய்தது இவ்வளவுதான். மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் திறந்தேன், ஹிஞ்ச் பக்கம் பிளாஸ்டிக் விரிந்து கொடுத்தால் அது இரண்டு வருசத்தில் கையில் வரும். கீபோர்டின் நடுவே அழுத்தினேன், பள்ளம் விழுந்தால் வேண்டாம். அப்புறம் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லொட்டில் எத்தனை பாவிக்கப்பட்டிருக்கிறது என்று விண்டோஸே எழுதியிருக்கும். "2 இல் 1" என்று வந்தால் ஒன்று வெறுமையாக இருக்கிறது, அதுதான் எனக்கு வேண்டியது. ஒற்றை ராம் குச்சி என்றால் வேகம் கொஞ்சம் குறையும், இரண்டு எட்டாக இருந்தால் கூடும், அது உண்மை, ஆனால் இரண்டு எட்டை 32 ஆக்க இரண்டையும் கழற்ற வேண்டும், ஒற்றைப் பதினாறுக்குப் பக்கத்தில் இன்னொரு பதினாறைக் குத்தினால் முடிந்தது. ராமின் வகை டிடிஆர் 4 ஆ 5 ஆ என்றும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றின் குச்சி மற்றதில் ஏறாது. 8 ஜிபியோடு மலிவாக எடுத்துப் பிறகு கூட்டலாம் என்று முன்னர் நானே சொல்லியிருப்பேன், 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன், 16 ஆகவே எடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டு வருவதென்றால் வொரண்டி இலங்கையில் செல்லுமா என்பதை மொடல் நம்பரோடு கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள், கல்ஃபில் விற்பதில் கீபோர்டில் பெரும்பாலும் அரபு எழுத்தும் சேர்ந்து வரும். மாமாவைக் காசாகவே அனுப்பச் சொன்னோம். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை குறைவு என்று உதயதேவி ஏறிப் போய் வருகிற ஆட்களும் உண்டு, தெரிவு அங்கே கூடத்தான். ஆனால் பழுது வந்தால் அதே கோச்சியில் திரும்பவும் போக வேண்டும். ஓட்டோவில் போய்க் கொடுக்கக்கூடிய கடை என்றால் சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம்.

எஞ்சினியரிங் இல்லாத பிள்ளைகளுக்கு: கலை, முகாமைத்துவம், சட்டம், மருத்துவம் எதுவானாலும் தனி கிராபிக்ஸுக்குக் காசு போடாதீர்கள், எஸ்பிஎஸ்எஸ், எக்செல், ஆர் (R) போன்ற புள்ளிவிபர மென்பொருள் எல்லாம் அது இல்லாமலே ஓடும். 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், 16 ஜிபி, நல்ல ஸ்க்ரீன், போதும். கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற, வீடியோ வெட்டுகிற பிள்ளை என்றால் மட்டும் கதை வேறு, அவர்களுக்கு தம்பிக்குச் சொன்னதுதான்.

கடைசியில் எடுத்தது ரைசன் 5 7640எச்எஸ், 4050, ஒற்றைக் குச்சியில் 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, நூறு வீதம் எஸ்ஆர்ஜிபி ஸ்க்ரீன். 4060 இல்லையென்று தம்பி இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே ஆட்டோடெஸ்க்கின் மாணவர் கணக்கைத் திறந்து, அது இலவசம், வருசா வருசம் புதுப்பித்தால் போதும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மிஞ்சிய காசில் ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க், முதுகுப் பை, கரண்ட் திடீரென்று கூடினால் தடுக்கிற ப்ளக் பலகை ஒன்று. இந்தக் கிழமை முழுக்க அதைத் தினமும் இரண்டு மணித்தியாலம் நல்ல பாரம் கொடுத்து ஓடவிடச் சொல்லியிருக்கிறேன், உள்ளே குறை இருந்தால் மாற்றித் தருகிற நாட்களுக்குள்ளேயே வெளியே வந்துவிட வேண்டும்.